என் பெயரில் போன குட்மார்னிங்

பக்கவாதம் வந்து நான் படுத்திருந்த நாட்களில், பார்க்க வந்த எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இப்ப எப்படி இருக்காங்க?" நான் கண்ணைத் திறந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். கேள்வி என் தலைக்கு மேலாகப் போய் என் கணவரைச் சேரும். "பரவாயில்ல, நல்லா சாப்பிடுதா, நல்லா தூங்குதா" என்று அவர் சொல்லுவார். கொண்டுவந்த ஆப்பிளை வைத்துவிட்டுப் போவார்கள்.

இந்த நோயைப் பற்றி டாக்டர்கள் நன்றாகச் சொல்லுவார்கள். உயிரோடு கிடக்கிற ஒருத்தியை, அவள் மேல் பாசமுள்ளவர்களே எப்படி ஆளாகக் கணக்கில் எடுக்காமல் போகிறார்கள் என்பதை மட்டும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்கிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

என் பெயர் பாக்கியம். சங்கரன்கோவிலில் நைட்டி வியாபாரம். கடை என்று தனியாக ஒன்று கிடையாது. வீட்டின் முன்னறைதான் குடோன், போன்தான் கடை. துணி வாங்கி, எங்கள் தெருப் பக்கம் தைக்கிற பெண்களிடம் கொடுத்துத் தைத்து வாங்குவேன். காலையில் எழுந்ததும் புதிதாக வந்த நைட்டிகளை ஒவ்வொன்றாக விரித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். புளியங்குடி, கடையநல்லூர், இளையரசனேந்தல் என்று எங்கெங்கோ இருந்து பெண்கள் கேட்பார்கள். பார்சல் பஸ்ஸில் போகும். டைப் அடிக்க எனக்குப் பொறுமை கிடையாது. எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். விலை சொல்வது, சண்டை போடுவது, யார் வீட்டில் யாருக்குக் குழந்தை என்று கேட்பது, எல்லாம் வாயால்தான்.

அன்றைக்கும் படம்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். போன் கையிலிருந்து விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. கை மரத்துவிட்டது என்று உதறினேன். உதறியதாக நினைத்தேன், கை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. "ஏங்க" என்று கூப்பிட்டேன். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

என் கணவர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். நல்ல மனிதர். ஓடிவந்து, "வெறும் வயித்துல நின்னுருக்க, வாயுதான்" என்று சோடா வாங்கிக் கொடுத்தார். சோடா கடைவாய் வழியாகப் புடவையில் வழிந்தது. கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்று படுக்க வைத்தார். தூங்கி எழுந்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அதற்குப் பிறகுதான் ஆட்டோ வந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். இடது கை நின்றது, வலது கை பொத்தென்று விழுந்தது. "இங்கன வச்சுக்கிட்டு நிக்காதீங்க, திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க" என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்.

திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்துக்குப் போகிற ரத்தக் குழாயை உறைந்த ரத்தக் கட்டி அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். இடது பக்க மூளைதான் வலது கையையும் காலையும் பேச்சையும் நடத்துகிறது. அந்தக் கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் அடைத்த சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். எங்களுக்கு அந்த நேரம் போய்விட்டது. சோடாவிலும் தூக்கத்திலும் போய்விட்டது. இதைப் படிக்கிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாய் கோணினால், தூக்கிய கை விழுந்தால், பேச்சு குழறினால், சோடா வாங்கப் போகாதீர்கள்.

முதல் சில நாட்கள் பயத்தைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை. புரண்டு படுக்க ஒருவர் வர வேண்டும். தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுத்தார்கள், சாதாரணத் தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடுமாம். மகள் கவிதா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து ரசம் சாதத்தைக் கூழாகப் பிசைந்து ஊட்டினாள். என் கணவர் என் தலையை வாரிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கையில் சீப்பைக் கொடுத்ததில்லை. வகிடு ஆறு மாதிரி வளைந்து போகும். கண்ணாடி காட்டி, "நல்லாருக்கா?" என்பார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும், இரண்டும் கோணலாகத்தான் வரும்.

அவர்கள் செய்ததை நான் மறக்கவில்லை. அதனால்தான் பின்னால் தெரிய வந்தது அப்படி வலித்தது.

கொஞ்சம் தேறியதும் என்னைச் சக்கர நாற்காலியில் கீழ்த்தளத்துக்குக் கொண்டு போனார்கள். பெரிய திரை ஒன்று சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. வலது கையை ஒரு கருவியில் கட்டிவிட்டார்கள். திரையில் பலூன்கள் வரும், கையை அசைத்து உடைக்க வேண்டும். உடைத்தால் கைதட்டல் கேட்கும், ஒரு கரடி குதித்து ஆடும். புது மெஷின் என்று எல்லாரும் பெருமைப்பட்டார்கள். அதற்குத் தனி பில்லும் உண்டு. ஜாக்கெட் கொக்கி போட இன்னொருத்தி வர வேண்டியிருக்கிறது, பாத்ரூமில் தண்ணீர் எடுத்துக் கழுவிக்கொள்ள முடியவில்லை, நான் அங்கே கரடிக்காகப் பலூன் உடைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இடது கையால் கருவியைப் பிடுங்கித் தள்ளிவிட்டேன். மேசையில் இருந்ததெல்லாம் தரையில் சிதறியது.

அங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருந்தவர் ஜெபா. முப்பது வயது இருக்கும். ஆக்குபேஷன் என்றால் வேலைதானே என்று என் கணவர், "ஏதும் வேலை வாங்கித் தருவீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். ஜெபா சிரிக்காமல் விளக்கினார். பிசியோதெரபி உடம்பை நிமிர்த்தி நடக்க வைக்கும். நடந்து போய் என்ன செய்வோமோ, அந்த அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்ய வைப்பது இவருடைய வேலை. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, சம்பாதிப்பது எல்லாம் அதில் சேர்த்தி.

"அப்ப கரடி எதுக்கு?" என்று கேட்க வாயெடுத்தேன். "கர... கரடி" என்பதோடு நின்றுவிட்டது. ஜெபாவுக்குப் புரிந்துவிட்டது.

"மெஷின் வாங்கிட்டாங்கம்மா. எல்லாரையும் அதுல உக்கார வைக்கணும்னு மேலருந்து சொல்லுதாங்க. கொஞ்சம் பிரயோஜனமும் உண்டு. ஆனா உங்ககிட்ட முதல்ல கேட்டிருக்கணும். தப்புதான்." கீழே கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார், "காலைல எந்திரிச்சதும் என்ன செய்வீங்க?"

என் கணவர் முந்திக்கொண்டார். "பல்லு தேய்ப்பா, காபி போடுவா, வாசத் தெளிப்பா."

"அவங்க சொல்லட்டும் சார்."

எனக்கு நெடுநேரம் ஆயிற்று. யாரும் குறுக்கே பேசவில்லை.

"போன்" என்றேன்.

என் கணவர் சிரித்தார். "சீரியல் பாக்குத பழக்கம். இப்ப போய் அது எதுக்கு உனக்கு? ரெஸ்ட் எடு."

ஜெபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன்ல என்ன செய்வீங்க?"

"யாவாரம்."

"போன் எங்க இருக்கு?"

அது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கே இருக்கிறது? விழுந்த அன்றைக்குப் பிறகு நான் அதைப் பார்க்கவே இல்லை. அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கவிதாட்ட இருக்கு" என்றார். நாளைக்கு வரும்போது கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார் ஜெபா.

மறுநாள் கவிதா கொண்டுவந்தாள், ஆனால் பையிலிருந்து எடுக்கத் தயங்கினாள். மேசையில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டு அதன் மேல் ஜெபா போனை வைத்தார். இடது கையால் என் பழைய நம்பரை அழுத்தினேன். திறக்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன்.

"நம்பரை மாத்திட்டேம்மா" என்றாள் கவிதா.

பழைய நம்பர் தெரியாமல் எப்படி மாற்றினாய் என்று நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. ஜெபா கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வார்டுல தூங்கும்போது அம்மா பெருவிரலை வச்சுத் திறந்தேன். அம்மா எப்பவோ சொன்ன பழைய நம்பர் பெறகுதான் ஞாபகம் வந்துச்சு. அத வச்சு மாத்துனேன்."

உணர்ச்சி இல்லாத கை. என் பெருவிரலை எடுத்து வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியவே இல்லை. அந்தக் கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஏதோ களவு போன இடத்தைத் தடவிப் பார்ப்பதுபோல் அந்த விரலைத் தடவினேன்.

போனைத் திறந்து கொடுத்தாள். நான் படிக்க ஆரம்பித்தேன்.

நான் ஆஸ்பத்திரியில் கெட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நாட்களில், 'நான்' தினமும் காலையில் குரூப்பில் குட்மார்னிங் சொல்லியிருந்தேன். ரோஜாப்பூ படம் போட்டு, கீழே அழகான வாசகம். வாழ்நாளில் நான் ரோஜாப்பூ அனுப்பியதில்லை. 'சொந்த வேலையாக வெளியூர் வந்திருக்கிறேன்' என்று சொல்லியிருந்தேன். ஆர்டர் கேட்டவர்களுக்கு, 'ஸ்டாக் இல்லை டியர்.' டியர்! கடையநல்லூர் மும்தாஜ் பல வருஷமாக என்னிடம் வாங்குகிறவள், பத்துப் பேருக்குச் சேர்த்து வாங்கி அங்கே கொடுக்கிறவள். அவள் கேட்டிருந்தாள்: 'யக்கா, நீங்க பேசுத மாதிரியே இல்லையே. ஏன் வாய்ஸ் போட மாட்டேங்கீங்க?' அதற்கு 'நான்' ஒரு கட்டைவிரல் பொம்மை அனுப்பியிருந்தேன்.

கடைசியில் ஒரு நீளமான செய்தி. 'அன்பு வாடிக்கையாளர்களே, சில காரணங்களால் இன்றுடன் வியாபாரத்தை நிறுத்திக்கொள்கிறேன். இதுவரை ஆதரவு தந்த அனைவருக்கும் நன்றி.' கும்பிடுகிற கை. கீழே வரிசையாக இதயங்கள், 'மிஸ் யூ அக்கா', 'டேக் கேர்'.

என் வியாபாரத்துக்குக் கருமாதி நடந்து முடிந்திருந்தது. நான்தான் முன்னால் நின்று நடத்தியிருக்கிறேன்.

"கை கால் விழுந்துட்டுன்னு தெரிஞ்சா ஆளாளுக்குப் பேசுவாங்கன்னு அப்பா சொன்னாரு" என்று கவிதா அழுதாள். அவர் வேகமாகச் சொன்னார், "உனக்காகத்தாம்டி. இனிமே நீ எதுக்குக் கஷ்டப்படணும்? நாங்க பாத்துக்கிட மாட்டோமா?"

எனக்குள் ஆயிரம் சொற்கள் முட்டின. வெளியே ஒன்றுதான் வந்தது. "கேட்... கேட்டீங்களா?"

மகள் அழுதுகொண்டே இருந்தாள். நான் அவளைத் தேற்றவில்லை. இதை எழுதும்போதும் தேற்றியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து சிகிச்சையே மாறியது. ஜெபா நைட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார். என் கணவரே ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றார். மடித்திருப்பதை விரிக்க வேண்டும், வலது கையைக் கனத்துக்கு வைத்துத் துணியை அமுக்கிக்கொண்டு இடது கையால் ஜிப்பை இழுக்க வேண்டும், திரும்ப மடிக்க வேண்டும். பலூனுக்கு அசையாத கை, துணி நழுவப் போகிறது என்றதும் தானாக அமுக்கியது. முதல்முறை அமுக்கியபோது ஜெபா, "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

போனையும் எனக்குத் தோதாக மாற்றினார். எழுத்துகளைப் பெரிதாக்கினார். நடுங்கி ஒரு தடவை தொட்டால் இரண்டு தடவை என்று எடுத்துக்கொள்ளாதபடி ஏதோ செய்தார். எல்லா போனிலும் இந்த வசதிகள் உள்ளே ஒளிந்துதான் கிடக்கின்றனவாம். அப்படியென்றால் ஏன் ஒளித்து வைக்கிறார்கள்? பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியையும் பழக்கப் பார்த்தோம். 'நான் நல்லா இருக்கேன்' என்று சொன்னேன். 'நாய் நல்லா இருக்கே' என்று எழுதியது. ஜெபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குப் போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. தெளிவாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு எதற்கு இது? பேச்சு குழறுகிறவளுக்குத்தானே வேண்டும்? பேங்க் ஆப் அதைவிட மோசம். அது அனுப்புகிற ரகசிய எண்ணை நான் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளும். எத்தனை தடவை தள்ளியது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். நேரில் போனால், "மகளைக் கூட்டிட்டு வாங்களேன்" என்கிறார்கள். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் நைட்டிக் கட்டுகளைக் காணோம், பரணில் ஏற்றியிருந்தார்கள். அவரை இறக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக இறக்கினார். ஒருநாள் காலை ஒரு நைட்டியை விரித்துப் படம் எடுத்தேன். ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது, பரவாயில்லை. பிறகு வாய்ஸ் மெசேஜ் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன். "நான் பாக்கியம் பேசுதேன். எனக்கு உடம்பு... சரியில்லாம இருந்துச்சு. இப்ப வந்துட்டேன். யாவாரம் உண்டு." இவ்வளவு சொல்ல நாக்கு மலையேறி இறங்கியது. அனுப்பிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, புளியங்குடிப் பெண் ஒருத்தியிடமிருந்து. 'எல்லாரும் கவனமா இருங்க. அக்கா போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க. குடிச்சிட்டுப் பேசுத மாதிரி இருக்கு. யாரும் பணம் போட்டுராதீங்க.'

அதற்குக் கீழே, ஆமாம் ஆமாம் என்று நாலைந்து பேர். ஒருத்தி, 'நல்லவேளை சொன்னீங்க.' ஒவ்வொருவராகக் குரூப்பை விட்டு வெளியேறினார்கள். ரோஜாப்பூ அனுப்பியவளை நம்பியவர்கள் என்னை நம்பவில்லை. என் குரலை நானே திருடியவள் ஆகிவிட்டேன்.

கவிதா பக்கத்தில் வந்து, "நான் டைப் பண்ணிச் சொல்லட்டுமாம்மா?" என்றாள். "தொடாத!" என்று கத்தினேன். பக்கவாதத்துக்குப் பிறகு தேடாமல், சட்டென்று வந்த முதல் சொல் அது.

மும்தாஜைத் தேடிப் பிடித்து, வீடியோ கால் பட்டன் மேல் விரலை வைத்தேன். பக்கத்தில் நின்ற என் கணவர் பதறினார்.

"ஏட்டி, பொறு. முதல்ல கொஞ்சம் சரியாகட்டும். இந்த மூஞ்சியோட..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இந்த மூஞ்சிதான்" என்றேன். அழுத்தினேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்த நேரத்தில் திரை முழுக்க அவள் முகம் வந்தது. தலையில் முக்காடு, கையில் கரண்டி, பின்னால் அடுப்பு. என் கோணல் வாயையும் தொங்குகிற தோளையும் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. "அல்லாவே... யக்கா, என்னக்கா இது? எப்பக்கா?"

"கொஞ்ச... நாளாச்சு."

"அப்ப இத்தன நாளா பூவும் பொம்மையும் அனுப்புனது யாரு?"

"நான் இல்ல."

"நினைச்சேன்" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இனி இரக்கப்படப் போகிறாள், கடவுள் பேரைச் சொல்லப் போகிறாள், ரெஸ்ட் எடுங்கள் என்று சொல்லப் போகிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சரி, அது கிடக்கட்டும்" என்றாள். குரல் ஏறியது. "கடைசியா வந்த பார்சல்ல அந்தக் கருநீலம் ஒரே அலசுல சாயம் போயிட்டு. எங்க மாமியா வெள்ளைத் துணி பூரா நீலம். வாங்குனவளுவ எல்லாம் என் வீட்டு வாசல்ல வந்து நிக்காளுவ. உங்களுக்கு மெசேஜ் போட்டா கும்பிடு போட்டு அனுப்புதீங்க. நான் யார்ட்டப் போய்க் கேக்கது?"

எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

"உப்... உப்புத் தண்ணில ஊற..."

"எல்லாம் ஊற வச்சோம்."

"வச்சிருக்க... மாட்ட."

"யக்கா, நான் பொய்யா சொல்லுதேன்?"

"வெள்ளையோட... சேத்து எவளாவது..."

"சேத்துத் தொவைச்சா இப்படியா போகும்? நல்ல துணி போட்டா ஏன் போகுது? நீங்க துணி எடுக்குத இடத்தை முதல்ல மாத்துங்க..."

அவள் நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. எத்தனையோ நாளாக எல்லாரும் தலையைச் சாய்த்து, உதட்டில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு, என் சொல் வரும்வரை பொறுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் வெட்டி வெட்டிப் பேசினாள், எப்போதும் பேசுகிற மாதிரியே. எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் பின்னாலிருந்து, "போதும் பாக்கியம், பிரஷர் ஏறிரும்" என்று போனை வாங்க வந்தார். இடது கையால் அவரை ஒதுக்கிவிட்டு, வலது கையை எடுத்துப் போனின் ஓரத்தில் கனமாக வைத்து அமுக்கிக்கொண்டேன்.

"இரு" என்றேன் மும்தாஜிடம். "நான் இன்னும் பேசி முடிக்கல."